எது கிடைக்குமோ அதைப் போடுங்க: பாடம் தேர்வு செய்யும் உரிமை நமக்கு வந்த கதை

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் ரமணாசிரமம் பகுதியில், செங்கம் ரோட்டில் இருக்கும் பிரவுசிங் சென்டர்களில் உட்கார இடம் கிடைக்காது. ஆசிரமத்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள் ரயில் டிக்கெட் எடுக்க நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே நம் பிள்ளைகள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு அணைத்தபடி நிற்பார்கள். கூட வந்த அப்பாவோ அம்மாவோ அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். "எந்த கோர்ஸ் போடணும்?" என்று கடைக்காரர் கேட்பார். "எது கெடைக்குமோ அத போடுங்கண்ணா" என்று பதில் வரும்.

இந்தப் பதிலை நான் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். நானும் ஒரு காலத்தில் இதையே சொன்னவன்தான். கல்லூரியில் சேரப் போன அன்று, "உங்களுக்கெல்லாம் இந்த மேஜர் போதும், பாஸ் பண்றது ஈஸி" என்று ஒரு குமாஸ்தா என் விண்ணப்பத்தில் தானே ஒரு பாடத்தை எழுதிக் கொடுத்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்ன செய்தார் என்பது வரலாறு படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. தோழர்களே, அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது அண்ணல் அம்பேத்கர் சமஸ்கிருதத்தை இரண்டாம் மொழியாக எடுக்க விரும்பினார். தீண்டத்தகாத சாதிப் பிள்ளைக்கு அந்தப் பாடம் கிடையாது என்று மறுத்துவிட்டார்கள். அவர் பாரசீகம் படிக்க வேண்டியதாயிற்று. பள்ளியின் கதவு திறந்துதான் இருந்தது, உள்ளே ஒரு பாடத்தின் கதவுதான் மூடியிருந்தது. சாதி வாசலோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அதே மனிதர் 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையோடு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். எந்தப் பாடத்தையும் எடுக்கலாம், யாரும் சாதி கேட்க மாட்டார்கள் என்ற நிலை அவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது. மூன்று ஆண்டுகளில் அவர் எடுத்த பாடங்களின் கணக்கு இது: பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. மொத்தம் 60. இது பசித்தவன் கண்டதையெல்லாம் அள்ளிய கணக்கு அல்ல. பொருளாதாரத்தை நடுவில் வைத்து, சாதியைப் புரிந்துகொள்ளத் தேவையான துறைகளைச் சுற்றிலும் அடுக்கியிருக்கிறார். 1916இல் கொலம்பியாவில் அவர் படித்த சாதி பற்றிய கட்டுரை மானுடவியல் கருத்தரங்கில் எழுதியது. எடுத்த பாடம் ஆயுதமான இடம் அது.

அந்த வாய்ப்பு தன்னோடு நிற்கக் கூடாது என்று அவர் நினைத்தார். 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும் பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கி ஒரு மனு கொடுத்தார். கலைப் பாடங்களும் சட்டமும் மட்டும் நம் மக்களை உயர்த்தாது, அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க உதவித்தொகை வேண்டும் என்று அதில் வாதாடினார். 1944இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. இன்று நீங்கள் 'போஸ்ட் மெட்ரிக்' என்று விண்ணப்பிக்கும் உதவித்தொகை அதன் தொடர்ச்சிதான். பணம் கொடுங்கள் என்பதோடு அவர் நிற்கவில்லை, எந்தப் பாடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

நம் மாகாணத்துக்கு வருவோம். நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் வந்த வகுப்புவாரி அரசாணை வேலைகளுக்கானது. பிறகு மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களும் அந்த முறையில் பிரிக்கப்பட்டன. 1950 வாக்கில் 14 இடங்கள் என்றால் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, 'ஹரிஜனங்களுக்கு' 2, கிறிஸ்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று கணக்கு இருந்தது. இதை எதிர்த்துத்தான் செண்பகம் துரைராஜன் வழக்கு நடந்தது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசாணையைச் செல்லாது என்றது. தமிழ்நாடு கொந்தளித்தது. அந்த ஜூன் மாதமே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து 15(4) பிரிவு சேர்ந்தது.

அந்தத் தீர்ப்பில் பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. மனுதாரரான அந்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்துப் பார்த்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததால் வழக்குப் போட்டார். நீதிமன்றமே இதைக் குறித்து வைத்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கிடைக்காது என்று தெரிந்தபோது ஒருவரால் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக முடிந்தது. கிடைக்காது என்று நினைத்து நம் சேரிகளில் விண்ணப்பமே போடாமல் இருந்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் எந்தத் தீர்ப்பிலும் இல்லை, எந்தக் கோப்பிலும் இல்லை. விண்ணப்பிக்காதவர் வரலாற்றில் எண்ணப்படுவதில்லை.

இப்போது விண்ணப்பம் திரைக்கு வந்துவிட்டது. பொறியியல் கலந்தாய்வு 2018இல் ஆன்லைனுக்கு மாறியது. அரசு கலைக் கல்லூரிகளின் சேர்க்கை 2020இல் மாறியது. முன்பு சென்னைக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது, இப்போது வேண்டாம். நல்லதுதான். ஆனால் குமாஸ்தா இருந்த இடத்தில் கடைசித் தேதி உட்கார்ந்திருக்கிறது. 2024இல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தலித் மாணவர் ஒருவருக்கு தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. தினக்கூலியான தந்தையால் 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட முடியவில்லை. இடம் போயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்திச் சேர்க்கச் சொன்னது. எல்லோருக்கும் உச்ச நீதிமன்றம் வாய்க்காது.

எனவே இந்த வரலாறு தெரிந்த நாம் செங்கம் ரோட்டு பிரவுசிங் சென்டரில் எப்படி உட்கார வேண்டும்?

ஒன்று, பட்டியலை ஆசையின் வரிசையில் போடுங்கள், பயத்தின் வரிசையில் போடாதீர்கள். பொறியியல் கலந்தாய்வில் உங்கள் விருப்பங்களை மேலிருந்து கீழாகத்தான் பார்ப்பார்கள். முதலில் போட்டது கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போவார்கள். பெரிய கல்லூரியை மேலே போட்டதால் கீழே உள்ளது பறிபோகாது. பயந்து மேலே போட்டது முதலில் கிடைத்துவிட்டால்தான் கீழே உள்ள ஆசை போகும்.

இரண்டு, 18 சதவீதம் நமக்குத் தரை, கூரை அல்ல. கட்ஆஃப் இருந்தால் பொதுப்பிரிவு இடமும் நம்முடையதுதான். அருந்ததியர் மாணவர்கள் 2009இல் வந்த 3 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கான சான்றிதழைச் சரியாக வைத்திருக்க வேண்டும்.

மூன்று, சாதி, வருமானச் சான்றிதழ்களை ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் எடுத்து வையுங்கள். கடைசித் தேதிகளை வீட்டுச் சுவரில் எழுதுங்கள். உங்கள் மொபைல் எண்ணையே கொடுங்கள். கடைக்காரர் எண்ணைக் கொடுத்தால் ஓடிபியும் தகவலும் அவருக்குத்தான் போகும்.

நான்கு, சேரும் முன் அந்தப் பாடத்தின் சிலபஸைப் பாருங்கள். சீனியர் ஒருவரிடம் பேசுங்கள். கல்லூரிக்குள் போன பிறகும் விருப்பப் பாடங்களைத் தேர்வு செய்யும் இடம் வரும். அங்கேயும் "எது ஈஸி" என்று மட்டும் கேட்காதீர்கள்.

நம் மாவட்டத்தின் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போக 2023 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. அந்த வாசலில் நின்றவர்களைப் படம் பிடித்தார்கள், செய்தி போட்டார்கள். பாடம் தேர்வு செய்யும் திரைக்கு முன்னால் நிற்கும் பிள்ளையை யாரும் படம் பிடிப்பதில்லை. அதனால் அங்கே நாம்தான் நிற்க வேண்டும். கல்லூரி படிக்கும் ஒவ்வொருவரும் இந்த மே மாதம் இரண்டு நாள் ஒதுக்குங்கள். உங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த ஒரு தங்கையோடு, ஒரு தம்பியோடு போய் உட்காருங்கள். "எது கெடைக்குமோ" என்று அவர்கள் தொடங்கும்போது நிறுத்தி, "உனக்கு என்ன படிக்கணும்?" என்று கேளுங்கள்.

என்னிடம் அன்று யாரும் கேட்காத கேள்வி அது.

ஜெய் பீம்.