அழிக்க முடியாத பெயர்

குழந்தைக்கு வைத்த பெயர் பிடிக்காமல் போனால் மாற்றிவிடலாம். ஒரு கண்டத்துக்கு வைத்துவிட்டால்? மார்ட்டின் வால்ட்ஸீமுல்லர் மாற்றத்தான் பார்த்தார், முடியவில்லை.

லொரேன் சீமையில் ஸான் தியே என்றொரு சிற்றூர். அங்கே 1507-ஆம் ஆண்டு அவரும் சில பண்டிதர்களும் சேர்ந்து ஓர் உலகப் படம் தயாரித்தார்கள். மரக்கட்டையில் செதுக்கிப் பன்னிரண்டு தாள்களில் அச்சிட்டது. சேர்த்து ஒட்டினால் ஏழரை அடி அகலம். அமெரிகோ வெஸ்புச்சி என்ற இத்தாலியர் எழுதியதாக அச்சாகியிருந்த கடற்பயணக் கடிதம் ஒன்று அவர்கள் கையில் இருந்தது. அதை நம்பி, மேற்கேயுள்ள புது நிலத்தைக் கண்டுபிடித்தவர் அவரே என்று தீர்மானித்து, அதன் தென்பகுதியில் 'அமெரிக்கா' என்று பொறித்துவிட்டார்கள். கொலம்பஸ் முந்திய வருஷந்தான் கண்ணை மூடியிருந்தார். ஆட்சேபிக்க ஆளில்லை!

ஆறே வருஷத்தில் மனம் மாறியது. 1513-இல் வந்த படத்தில் அந்தப் பெயரைக் காணோம். 'அறியாத நிலம்' என்றும், கண்டவர் கொலம்பஸ் என்றும் குறிப்பு இருந்தது. 1516-இல் வால்ட்ஸீமுல்லர் வெளியிட்ட பெரிய கடற்படத்திலும் அமெரிக்கா இல்லை. ஆனால் என்ன பயன்? பழைய படத்தைப் பார்த்துப் பிறர் எழுதிக்கொண்டே போனார்கள். 1538-இல் மெர்க்கேட்டர் வடபாதிக்கும் அதே பெயரைச் சூட்டினார்.

சுவரில் தொங்கும் படத்துக்கு ஆயுள் குறைவு. புகை, ஈரம், பூச்சி எல்லாம் அதற்கு எமன். புதுப் படம் வந்ததும் பழையது குப்பைக்குப் போகும். 1507-ஆம் ஆண்டுப் படத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே பிரதி. நூரம்பர்க் நகரத்து வானநூல் பண்டிதர் யோஹான்னஸ் ஷோனர் அந்தத் தாள்களைச் சுவரில் ஒட்டாமல் பைண்டு செய்து வைத்ததால் பிழைத்தது. 1901-இல் தென் ஜெர்மனியில் வோல்ஃபெக் கோட்டையில் யோசப் ஃபிஷர் என்ற பாதிரியார் அதைக் கண்டெடுத்தார். 2003-இல் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகம் ஒரு கோடி டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது.

அதே கட்டுக்குள் 1516-ஆம் ஆண்டுப் படமும் இருந்தது என்பதுதான் வேடிக்கை. சூட்டிய பெயரும், அதைக் கைவிட்ட நேர்மையும் ஒரே அட்டைக்குள் முந்நூறு வருஷங்களுக்கு மேல் ஒன்றாகத் தூங்கியிருக்கின்றன. உலகம் முதல் படத்தை மட்டுமே படித்தது. சேர்த்து வைத்தவர் இரண்டையும் காப்பாற்றினார். பழைய தேசப்படங்களைச் சேகரிப்பவர்கள் உலகுக்குச் செய்யும் உபகாரம் இதுதான்: திருத்தங்களும் அவர்களிடம் பத்திரமாக இருக்கின்றன.