தண்ணீர் வேண்டாம் என்றார் டீசல்

லாரி ரேடியேட்டரில் தண்ணி ஊற்றுகிற யாரும் டீசல் என்ற மனிதரை நினைப்பதில்லை. நினைத்தால் சிரிப்பு வரும். டீசல் இஞ்சினைக் கற்பனை செய்தவர், அதற்குத் தண்ணீரே தேவைப்படாது என்றுதான் நம்பினார்.

1893-இல் ருடால்ஃப் டீசல் தன் வெப்ப இயந்திரத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவருடைய வாதம் எளிமையானது. நாம் காசு கொடுத்து வாங்குவது எரிபொருளின் சூட்டைத்தான். அந்தச் சூட்டைத் தண்ணீரில் கரைத்து வெளியே விடுவது வீண். எரிதலைச் சரியாகக் கட்டுப்படுத்தினால் சிலிண்டரைக் குளிர்விக்கும் தேவையே எழாது. அதே ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் நின்ற முதல் சோதனை இஞ்சினுக்குத் தண்ணீர் உறை கிடையாது. அது தன் சக்தியில் ஓடவும் இல்லை. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் திருத்தப்பட்ட இஞ்சினைச் சோதித்து, எரிபொருளின் சூட்டில் 26 சதவீதம் வேலையாக மாறுகிறது என்று கண்டார். அன்றைக்கு அது பெரிய சாதனை. ஆனால் அந்தச் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இன்றைய நல்ல லாரி இஞ்சினில் சுமார் 40 சதவீதச் சூடுதான் வேலையாகிறது. மிச்சத்தில் ஒரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியாகப் போகிறது, இன்னொரு பெரும் பங்கு தண்ணீருக்குப் போகிறது. அந்தப் பங்கைச் சுமக்கத்தான் ரேடியேட்டர், மூடி, பம்பு, தெர்மோஸ்டாட், ஃபேன் எல்லாம். இவற்றில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில் யாரோ வழியில் நின்றுபோனதற்குக் கிடைத்த பதில். அந்தப் பாகம் கெட்டால், வண்டி அந்தப் பழைய காலத்துக்கே திரும்பிப் போய்விடுகிறது. வண்டி ஏன் ஹீட் ஆகுது என்று தேடுவதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

முதலில் மூடி. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், கணவர் செய்த மோட்டார் வண்டியில் போனார். அது பெட்ரோல் குடும்பத்து இஞ்சின். அதில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் குளிர்விக்கும் முறை. அதனால் வழியெல்லாம் இறங்கித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. பின்னால் வந்த அழுத்த மூடி இந்தத் தொல்லையைத் தீர்த்தது. உள்ளே கூடுதலாக ஒரு பார் அழுத்தம் நின்றால் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டால் நாம் மறுபடி 1888-இல் இருக்கிறோம். வெளியே ஒழுகல் தெரியாது, ஆனா தண்ணி குறைஞ்சுகிட்டே இருக்கும். நல்ல மூடியைச் சூட்டோடு திறக்கக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். அழுத்தம் போன நொடியில் நூறு டிகிரியைத் தாண்டிய தண்ணீர் ஆவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

அடுத்தது ரேடியேட்டர். வில்ஹெல்ம் மேபாக் 1900-இல் வடிவமைத்த மெர்சிடிஸ் காரில் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் இருந்தது. 6 மில்லிமீட்டர் சதுரத்தில் 8070 சிறு குழாய்கள். அதற்கு முந்தைய வகைக்கு 18 லிட்டர் தேவைப்பட்டது, இதற்கு 9 லிட்டர் போதும். தண்ணீரைக் கூட்டாமல் காற்று படும் பரப்பைக் கூட்டினார், அவ்வளவுதான். உப்புத் தண்ணி ஊற்றிப் படிவு கட்டினாலோ, சேறும் பூச்சியும் இடுக்கை அடைத்தாலோ அந்தப் பரப்பு போய்விடும். அப்போ வண்டி சமவெளியில் ஒழுங்கா ஓடும், லோடோட மலை ஏறும்போதுதான் முள் ஏறும். நேர்மாறாக, ஓடும்போது சரியாக இருந்து டிராஃபிக்கில் நின்றால் மட்டும் ஹீட் ஆனால், சந்தேகம் ஃபேன் மீதோ பெல்ட் மீதோ போக வேண்டும்.

பம்பு இல்லாமலும் வண்டிகள் ஓடியிருக்கின்றன. ஃபோர்டு மாடல் டி-யில் முதல் சில ஆயிரம் கார்களுக்குப் பிறகு பம்பு கிடையாது. சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்ற இயற்கையை நம்பியே ஓடின. சிறிய இஞ்சினுக்கு அது போதும், லோடு லாரிக்குப் போதாது. தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் மெழுகை 1930-களில் செர்ஜியஸ் வெர்னே கொண்டுவந்தார். சூட்டில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். மேல் ஓஸ் கொதித்து, கீழ் ஓஸ் சில்லென்று இருந்தால் அது திறக்கவில்லை என்று சந்தேகப்படலாம். "கழட்டி எறிஞ்சிடுங்கண்ணே, நம்ம ஊருக்கு எதுக்கு?" என்று பல பட்டறைகளில் சொல்வார்கள். கழட்டினால் இஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், டீசல் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில இஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸிலேயே சுற்றி, ஹீட் இன்னும் கூடிவிடும்.

இனி கூலண்ட். என் தாய்மாமா சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டினார். ஒருநாள் இஞ்சின் ஆயிலில் தண்ணி கலந்து பால் மாதிரி வந்தது. "தண்ணி பாக்காம ஓட்டிட்டே" என்று முதலாளி சம்பளத்தில் பிடித்தார். இஞ்சினைப் பிரித்தபோது லைனரின் வெளிப்பக்கம், தண்ணீர் தொடும் இடத்தில், ஊசி குத்தியது போல வரிசையாகக் குழிகள். ஒரு குழி உள்ளே வரை போயிருந்தது.

இந்தக் குழிகளின் கதை கப்பலில் தொடங்குகிறது. 1894-இல் சார்லஸ் பார்சன்ஸின் டர்பினியா கப்பல் எதிர்பார்த்த வேகத்தைத் தொடவில்லை. ப்ரொப்பெல்லரைச் சுற்றி நீர் கிழிந்து குமிழிகள் உண்டானதே காரணம். கப்பல்களின் ப்ரொப்பெல்லர்கள் அரிக்கப்படுவதும் பிரச்சினையாக, 1917-இல் ராலே பிரபு அத்தகைய குமிழி சுருங்கி உடையும்போது எவ்வளவு அழுத்தம் பிறக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். உலோகத்தையே கொத்தி எடுக்கும் அழுத்தம். டீசல் லைனரிலும் நடப்பது அதுதான். ஒவ்வொரு வெடிப்பிலும் பிஸ்டன் பக்கவாட்டில் இடிக்க, லைனர் அதிர்கிறது. தண்ணீரால் அந்த அதிர்வோடு ஒட்டி நகர முடியாது. குமிழி பிறந்து உடைந்து, துளித்துளியாக இரும்பைத் தின்கிறது. டீசல் கூலண்டில் சேர்க்கும் நைட்ரைட் போன்ற பொருட்கள் லைனர் மேல் மெல்லிய காப்புப் படலம் கட்டுகின்றன. வெறும் போர்வெல் தண்ணியில் அது கிடையாது. மாமா தினமும் தண்ணி பார்த்தவர்தான். அந்த ஓட்டை பல ஆயிரம் மணி நேரமாக விழுந்துகொண்டிருந்தது. கூலண்ட் வாங்குவது அவர் கையில் இல்லை.

டீசலின் கனவு ஒருமுறை திரும்பியும் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவமும் கம்மின்ஸும் சேர்ந்து, பீங்கான் பூச்சு பூசிய இஞ்சினை ஒரு 5 டன் லாரியில் வைத்து ஓட்டினார்கள். ரேடியேட்டர் இல்லை, பம்பு இல்லை. வண்டி ஓடியது. ஆனால் தண்ணீருக்குப் போகாமல் தடுத்த சூட்டில் பெரும்பகுதி புகையோடு போனது, அந்தச் சூட்டை ஆயிலும் தாங்கவில்லை. லாரிகள் தண்ணீரிலேயே தங்கிவிட்டன.

முள் ஏறினால் ஓரங்கட்டி, ஆறும்வரை காத்திருப்பது டிரைவர் வேலை. எந்தத் தண்ணி ஊற்றினோம், மூடி எப்போ மாத்தினோம், தெர்மோஸ்டாட்டை யார் கழட்டினது என்ற கேள்விகள் வண்டி வைத்திருப்பவருக்கானவை. சம்பளத்தில் கை வைப்பதற்கு முன் அந்த மூன்றுக்கும் பதில் கேட்க வேண்டும்.