தாம்பரம் வட்டாரத்தில் ஏ.டி.எச்.டி. சோதனை: யாருக்கு, எப்போது?

நோயைத் தேடிக் கண்டுபிடிப்பதில் தாம்பரத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1928இல் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியம்தான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோய் உண்டா இல்லையா என்பதைச் சளிப் பரிசோதனை பெரும்பாலும் சொல்லிவிடும். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டுக்கு அப்படி ஒரு சளியோ ரத்தமோ ஸ்கேனோ கிடையாது. பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பும் படிவம், பயிற்சி பெற்ற மருத்துவர் பொறுமையாகக் கேட்டறியும் வரலாறு, இவ்வளவுதான் கையில் உள்ளவை. எல்லாப் பள்ளிகளிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சோதனை என்ற கோரிக்கையை இதை மனத்தில் வைத்தே எடைபோட வேண்டும். சோதனை அவசியம்தான்; ஆனால் அது ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருப்பவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968இல் வகுத்த நெறிகளின்படி, முதற்கட்டச் சோதனைக்கு உரிய நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும். அதை உறுதிசெய்யவும் சிகிச்சை தரவும் வசதி இருக்க வேண்டும். முதல் நெறியில் ஐயமில்லை. 2007இல் வெளிவந்த போலன்சிக் குழுவின் தொகுப்பாய்வு, பிள்ளைகளிடையே இக்குறைபாட்டின் உலகச் சராசரியை 5.3 விழுக்காடு என்றது. கோவை மாவட்டத்தில் 770 தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வு 11.32 விழுக்காடு என்றது. கோவைப் பிள்ளைகள் இரு மடங்கு வாலுகள் என்று இதற்குப் பொருளல்ல. அளவையும் எல்லைக்கோடும் பதில் சொல்பவரும் மாறினால் எண்ணும் மாறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கத்துப் பள்ளிகளில் 1000 பிள்ளைகள், அவர்களில் 50 பேருக்கு உண்மையிலேயே குறைபாடு என்று கொள்வோம். உள்ளவர்களில் 80 விழுக்காட்டினரையும் இல்லாதவர்களில் 80 விழுக்காட்டினரையும் சரியாகப் பிரிக்கும் படிவம் என்றாலும், அது 40 பேரைப் பிடிக்கும். கூடவே 190 பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆறு பேரில் ஒருவருக்குத்தான் குறைபாடு. மற்ற ஐந்து வீடுகளிலும் கலக்கம், டியூஷன் மாற்றம், தெரிந்தவர் சொன்ன மருந்து. தடுமாறும் பிள்ளைகளிடம் மட்டும் அதே படிவத்தைக் கொடுத்து, அவர்களில் பாதிப் பேருக்குக் குறைபாடு இருக்குமானால், பிடிபடும் ஐவரில் நால்வர் சரியானவர்கள். படிவம் ஒன்றுதான், கொடுக்கும் இடம்தான் வேறு.

வயதும் ஏமாற்றும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012இல் வெளியான ஆய்வின்படி, வகுப்பிலேயே இளையவர்களான டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு, ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 விழுக்காடு அதிகமாக இந்த நோய்ப்பெயர் சூட்டப்பட்டிருந்தது. பெண் குழந்தைகளிடம் இந்த வித்தியாசம் 70 விழுக்காடு. வயதுக்குரிய சேட்டை நோயாகப் பதிவானது. இங்கேயும் இரண்டரை வயதில் ப்ரீ கேஜி வாசலில் நிறுத்தும் அவசரம் நம்மை விட்டுப் போகவில்லை. மறுபக்கம், துள்ளாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமி யாருக்கும் தொல்லை தராததால் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆசிரியரின் எரிச்சலை மட்டும் நம்பும் சோதனை அவளைக் கடைசிவரை தவறவிடும்.

பெரியவர்களிடம் வேறு சிக்கல். உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு கேள்விச் சுருக்கப் படிவத்தைக் கைபேசியிலேயே நிரப்பிவிடலாம். பழைய மாமல்லபுரம் சாலையில் இரவுப் பணி முடித்து, நான்கு மணி நேரத் தூக்கத்தோடு வாழ்பவர் அதில் 'குறைபாடு உண்டு' என்று எளிதில் தேறிவிடுவார்! ஆனால் மனநலக் குறைபாடுகளை வரையறுக்கும் கையேடான டி.எஸ்.எம்.-5 (2013) பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும் என்கிறது. ஆகவே அம்மாவின் நினைவும் பழைய ராங்க் கார்டும் அந்த ஆறு விடைகளைவிடப் பெரிய சான்று. இக்குறைபாடு மரபுவழி வலுவாகத் தொடர்வது. பிள்ளைக்கு உறுதியானதும் பெற்றோரைக் கேட்பதே பெரியவர்களை எட்டும் நேர்வழி. "நானும் இப்படித்தான் இருந்தேன்" என்று சொல்லும் அப்பாவை விசாரிக்காமல் அனுப்புவது பெரும் இழப்பு.

புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் ஏ.டி.எச்.டி. ஏற்கெனவே இருக்கிறது, அதன் நடமாடும் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு வருகின்றன. முதலில் கண், காது, ரத்தசோகை, தூக்கம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, அதன்பிறகும் தடுமாறும் பிள்ளைக்கு மட்டும் படிவம் என்ற வரிசை போதும். தடை அடுத்த படியில்தான், அதாவது உறுதிசெய்து சிகிச்சையும் உதவியும் தருவதில். இதற்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் அட்டவணை எக்ஸ் மருந்து; தனி உரிமம் பெற்ற கடையில்தான் கிடைக்கும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு உண்டு, ஏ.டி.எச்.டி. தனி வகையாக இல்லை. ஆகவே தேர்வுச் சலுகைக்கும் இந்தப் பெயர் மட்டும் உதவாது.

தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சியானது. சுகாதாரத் துறையும் மாநகராட்சியும் பள்ளிகளுக்குப் படிவத்தை அனுப்புமுன், வாரத்தில் சில நாள்களாவது இங்கேயே அமர்ந்து பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவ உளவியலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும்.