புதியோனைப் பயின்ற பொறிகள்

தொழிலகமொன்றிற் புதிதாகக் கால்வைப்பவனுக்கு அத்தொழிலைக் கற்பிப்பது நெடுங்காலமாக மூத்த தொழிலாளியின் பொறுப்பாகவே இருந்து வந்தது. கற்பவனின் கை எங்கே தயங்குகின்றது என்பதை அருகிருந்து நோக்கி, அங்கே நின்றும், அவன் அறிந்தவிடத்து விரைந்தும் செல்வதே நல்லாசான் செயல். முதலாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டுந் துறைகளுக்கு ஆட்களைப் பழக்கிய சாள்ஸ் அலன், 1919இல் வெளியிட்ட நூலில் இச்செயலை ஆயத்தம், எடுத்துக்காட்டல், செய்வித்தல், சோதித்தல் என நான்கு படிகளாக வகுத்தார். 1940 தொடக்கம் 1945 வரை அந்நாட்டில் நடைபெற்ற கைத்தொழிற் பயிற்சித் திட்டமும் அதனையே தழுவியது. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே வேலைக்கு வந்து சேருங்காலை, ஆளுக்கோர் ஆசானை எங்ஙனம் அமர்த்துவது? பயிற்சிப் பொறிகளின் வரலாறு இவ்வினாவிலிருந்தே விரிகின்றது.

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் சிட்னி பிறெசி 1920களில் அமைத்த கருவிகளுள் ஒன்று, இருமுறை தொடர்ந்து சரியாக விடையளிக்கப்பட்ட வினாவை மீண்டும் காட்டாது விலக்கியது. கற்போனுக்கேற்பப் பொறி தன்னை மாற்றிக்கொள்ளும் இசைவாக்கத்தின் வித்தை இங்கே காணலாம். 1950களிற் பெரும்புகழ் பெற்ற ஸ்கின்னரின் கற்பித்தற் பொறியோ, எல்லோரையும் ஒரே பாதையில் நடத்தியது; வேகம் மட்டுமே அவரவர்க்குரியதாயிற்று. புகழைக் கொண்டு மதிப்பிடின் ஸ்கின்னரே முதல்வர். இசைவாக்கத்தைக் கொண்டு மதிப்பிடின், பிரித்தானியாவில் அக்காலத்தே அதிகம் பேசப்படாத ஒருவரையே முன்வைத்தல் வேண்டும்.

அவர் கோடன் பாஸ்க். 1953ஆம் ஆண்டளவில், றொபின் மக்கினன் வூட்டுடன் இணைந்து, இசைக்கேற்ப மேடை விளக்குகளை மாற்றும் பொறியொன்றை அவர் உருவாக்கினார். இசைவாணர் ஒன்றையே திரும்பத் திரும்ப வாசித்தால் அப்பொறி ‘சலிப்புற்று’ எதிர்வினை காட்டாது விடும். அவர் புதியதொன்றை வாசித்தாலன்றி அது மீண்டும் இணங்காது. நாடக மேடையிற் பிறந்த இவ்வெண்ணமே தொழிலகப் பயிற்சிக்குள் நுழைந்தது என்பது வியப்பிற்குரியது.

அக்காலத்து நிறுவனங்களின் கணக்குகள் அட்டைகளில் துளைகளாகப் பதியப்பட்டன. பத்திரத்திலுள்ள இலக்கங்களைப் பார்த்தவாறே, விசைகளை நோக்காது அழுத்தும் திறன் துளையிடுநர்க்கு இன்றியமையாதது. இப்பணியிற் சேர்ந்தோரிற் பெரும்பாலார் இளம்பெண்கள். அவர்களுக்காக பாஸ்க்கும் மக்கினன் வூட்டும் 1956ஆம் ஆண்டளவில் உருவாக்கிய கருவியே ‘சாக்கி’. கற்பவளின் முன் எழுத்துப் பொறிக்கப்படாத விசைகள். வரிக்கு 24 இலக்கங்களாக நான்கு வரிகள் கொண்ட பயிற்சித்தாள். எந்த விசையை அழுத்த வேண்டுமென ஒளியாற் குறிப்புணர்த்தும் பலகை. தொடக்கத்தில் ஒவ்வோர் இலக்கத்திற்கும் போதிய நேரமும் தெளிவான ஒளியும் கிடைக்கும். அவளது ஒவ்வொரு மறுமொழியின் வேகத்தையும் பிழையையும் கருவி மின்னளவாகப் பதிந்துகொள்ளும். 3 என்னும் இலக்கத்தில் அவள் தேர்ந்துவிட்டால், அதற்குரிய ஒளி மங்கும், நேரம் குறுகும். 7இல் அவள் இன்னமும் தயங்கினால், அதற்கு மட்டும் ஒளியும் அவகாசமும் நீடிக்கும். மங்கிய ஒளி பிழையைக் கூட்டுமாயின் மீண்டும் பிரகாசமுறும். மிகைச்சுமையால் மனம் குழம்பாமலும், எளிமையாற் சோராமலும் கற்பவளை இடைநிலையில் நிறுத்துவதே இதன் நோக்கம். பிரித்தானிய அறிஞர் ஸ்ரபோட் பியர் 1959இல் வெளியான தமது முகாமைத்துவ நூலில் இதனை விரிவாக எடுத்துரைத்தார்.

இங்கு கருதற்பாலது ஒன்றுண்டு. பெண்ணொருத்தி 7இல் தயங்குகின்றாள் என்னும் அறிவு, அப்பயிற்சி நிகழும்போது கருவியின் மின்சுற்றில் தங்கி, அவளுக்கு உதவுவதற்கே பயன்பட்டது. ஆசானின் பொறுமை அங்கு உண்டு. மேற்பார்வையாளனின் குறிப்பேடு அதன் அமைப்பில் இடம்பெறவில்லை.

அமெரிக்க விமானப்படைத் தொழினுட்பவியலாளருக்கு மின்னணுக் கருவிகளின் பழுதுகாணலைப் பயிற்றிய நோர்மன் குறௌடர் வேறொரு வழியைக் கண்டார். பிழையான விடையைத் தெரிந்தவன், அப்பிழைக்குரிய விளக்கத்திற்கே கொண்டுசெல்லப்பட்டான். கணனி வந்தபின் இவ்வழி அகன்றது. 1980களில் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் அலன் லெஸ்கோல்ட் குழுவினர் அமைத்த ‘ஷேர்லொக்’, எப்-15 விமானங்களின் மின்னணு உறுப்புகளைச் சோதிக்கும் நிலையத்தின் பழுதுகளைத் தேடப் பழக்கியது. வேலைக்களத்தில் அரிதாக நிகழும் கடினமான பழுதுகளைப் புதியோன் காண்பதற்கே ஆண்டுகள் செல்லும். இங்கோ அவை அடுத்தடுத்து வந்தன. பயில்வோன் உதவி கேட்கும்போது, அவனது திறன்பற்றிக் கணனி கொண்டிருந்த கணிப்பிற்கேற்பக் குறிப்பின் தெளிவு கூடியது அல்லது குறைந்தது. ஏறத்தாழ 20 முதல் 25 மணிநேரம் இதிற் பயின்றோர், நான்காண்டுகள் கூடுதலாகப் பணியாற்றியோர்க்கு நிகராயினர் என அதனை மதிப்பிட்டோர் கூறினர்.

ஷேர்லொக்கின் திறமை முழுவதும் பயில்வோனைப் பற்றிய அக்கணிப்பிலேயே தங்கியிருந்தது. அத்தகைய கணிப்பு அழியாத தரவாக மாறக்கூடியது. 21ஆம் நூற்றாண்டில் நிறுவனங்கள் வலையமைப்பின் வழியே பயிற்சியளிக்கத் தொடங்கியதும், புதியோன் எதனை எத்தனை முறை தவறவிட்டான், எங்கே எவ்வளவு நேரம் நின்றான் என்பன வேலைகொள்வோரின் கணனிகளிற் சேமிக்கப்படலாயின. உதவுவதற்கென அளந்த தயக்கமே, உறுதிப்படுத்தலுக்கும் சம்பள உயர்விற்கும் அளவுகோலாகும் வாய்ப்பு எழுந்தது. தவறுவதற்கு அஞ்சுபவன், தவறினாலன்றித் தனக்கு இசைய மாட்டாத பொறியிடம் எதனைக் கற்பான்? அத்தகையோன் அறிந்ததையே அழுத்திக் காட்டுவான். பொறியும் அவனைத் தேர்ந்தவனென்றே கருதும்.

இவ்விடர் சட்டவாக்குநரின் கவனத்தையும் ஈர்த்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, தன்னைப் பற்றிச் சேமிக்கப்பட்ட தரவைக் காணும் உரிமையை ஒவ்வொருவர்க்கும் அளித்தது. 2024இல் அவ்வொன்றியம் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், தொழிற்பயிற்சியின் பேறுகளை மதிப்பிடும் முறைமைகளையும், தொழிலாளரின் செயலாற்றலைக் கண்காணிக்கும் முறைமைகளையும் உயர் இடர் கொண்டவை என்னும் வகையுள் அடக்கியது. அட்டைத் துளையிடுநர் என்னும் பதவி அதற்கு நெடுங்காலம் முன்னரே, கணனியில் நேரடியாகத் தரவு பதியும் முறை பரவியதும், வழக்கொழிந்துவிட்டது.