நான்கு பெயர்களும் ஓர் ஈசலும்

கோலார் தங்கவயலின் புராட்டஸ்டண்ட் ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய தமிழ் விவிலியத்தில், லேவியராகமம் 11ஆம் அதிகாரம் உண்ணத்தக்க பூச்சிகளாக நான்கைக் குறிக்கிறது. முதலாவது வெட்டுக்கிளி. மற்ற மூன்றும் சோலையாம், அர்கொல், ஆகாபு என எபிரேய ஒலியிலேயே நின்றுவிட்டன. இதனை மொழிபெயர்ப்பாளரின் சோர்வு எனக் கொள்ளலாகாது. அப்பெயர்கள் எவ்வுயிரைச் சுட்டின என்பதை யூதருள்ளேயே பெரும்பாலோர் மறந்துவிட்டிருந்தனர்.

சிறகுள்ள சிற்றுயிர்களை விலக்கும் அச்சட்டம், நிலத்தில் தத்துதற்கேற்ற கால்களை உடையவற்றுக்கு மட்டும் இசைவு தருகிறது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா இதற்கு அடையாளங்கள் வகுத்தது: நான்கு கால், நான்கு சிறகு, தத்துங்கால், உடலின் பெரும்பகுதியை மூடும் சிறகு. இவற்றோடு ‘ஆகாபு’ என்னும் பெயரும் அதற்கு வழங்கவேண்டும் என்றார் ரப்பி யோசே. என் பார்வையில் இந்தப் பெயர் நிபந்தனையே முழுச் சட்டத்தின் திறவுகோல். உடலுறுப்பைக் கண்ணால் எண்ணிவிடலாம். பெயரை முன்னோர் சொல்லித்தான் அறிய இயலும். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி, இவற்றைப் பகுத்தறியும் திறம் தம்மவரிடம் இல்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். ஐரோப்பிய யூதர் அனைத்தையும் தள்ளினர். ஏமன் யூதரோ வெட்டுக்கிளியின் மார்பில் ‘ஹேத்’ என்னும் எபிரேய எழுத்தின் வடிவத்தைக் கண்டு தெளிந்து, வறுத்து உண்டுவந்தனர். திரள்திரளாக வந்து பயிரை அழிக்கும் பூச்சியையே உணவாக்கிக்கொள்ளும் தேவை அங்கே இருந்தது. வெட்டுக்கிளி வாராத நாட்டில் அதைப் பற்றிய அறிவும் தங்கவில்லை.

இனித் தங்கவயலுக்கு வருவோம். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் சுரங்கங்களுக்கு வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் விட்டுவந்த பகுதிகளில், மழைக்குப்பின் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலைப் பிடித்துச் சிறகு நீக்கி வறுத்துத் தின்பது பழைய வழக்கம். மிஷ்னாவின் அளவுகோலில் ஈசலை வைத்துப் பாருங்கள். நான்கு சிறகுகள் உண்டு, அவை உடலை மூடுகின்றன, தத்துங்கால் இல்லை. ஆகவே அது விலக்கு. விலக்கப்பட்டவற்றை லேவியராகமம் ‘அருவருப்பு’ என்றே சொல்கிறது, உண்மை. ஆனால் அச்சொல் எல்லா யூதருக்கும் பொதுவான விலக்கைக் குறிப்பது. ஒருவரின் பிறப்பை இழித்துரைப்பதன்று. உண்பதைக் கொண்டு பிறப்பை அளப்பது நம் ஊர்களின் வழக்கம்.

அவ்வழக்கமும் நாம் எண்ணுமளவு தொன்மையானதன்று. புறநானூற்றின் 119ஆம் பாடலில், பாரியை இழந்த கபிலர் பறம்பு நாட்டின் வளங்களை நினைந்து வருந்துகையில், செம்புற்றின் ஈயலை மோரிலிட்டுச் சமைத்த புளித்த உணவையும் அவ்வளங்களுள் ஒன்றாகச் சொல்கிறார். ஈயல் என்பது ஈசலே. பாடியவர் தம்மை அந்தணன் என்று அறிவித்துக்கொண்ட புலவர் என்பதை, சைவ உணவே தமிழரின் ஆதி ஒழுக்கம் என்று வாதிடும் நண்பர்கள் சற்றே கருதிப் பார்க்கலாம்.

1949-50இல் ஏமன் யூதருள் ஏறத்தாழ 49,000 பேர் வானூர்திகளில் இஸ்ரேல் சென்றடைந்தனர். வெட்டுக்கிளியை மார்பெழுத்தால் இனங்காணும் மரபு அவர்களோடு இடம்பெயர்ந்தது. தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. இன்று அங்குள்ளோர் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம் பகுதி நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஈசலின் வகைகளுக்கும் அதைப் பிடிக்கும் முறைகளுக்கும் உங்கள் பாட்டிமார் வழங்கிய பெயர்கள் நினைவிலிருந்தால், அவர்கள் சொன்ன ஒலியிலேயே எழுதி அனுப்புங்கள்.