அனுப்பியது போய்ச் சேர்ந்ததா? – செல்போன் அறிவிப்புகளின் வரலாறு

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. நாட்டில் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. மழை குறைவான, காய்ந்த பூமி என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றின. ஆனாலும் சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை மழையும், ஐப்பசியில் தொடங்கும் பருவமழையும் இடி மின்னலோடுதான் வரும். மின்னல் விழுந்து ஆலை வெடித்த செய்திகள் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. அதனால் இடி நெருங்கும்போது மருந்து வேலையை நிறுத்திவிட்டு, ஆட்கள் எல்லோரும் பாதுகாப்பான தூரத்துக்குப் போய்விட வேண்டும் என்பது விதி.

இன்று மின்னலை முன்கூட்டியே சொல்லும் ஆப் கூட வந்துவிட்டது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' அப்படிப்பட்டது. ஆனால் மின்னல் வருகிறது என்ற செய்தி மின்னலுக்கு முன்னால் செல்போனுக்கு வந்து சேர வேண்டும். பின்னால் வந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்ததா, சேரவில்லை என்றால் எந்த இடத்தில் நின்றது என்ற கேள்வி செல்போனோடு பிறந்ததல்ல. அதற்கு நீண்ட வரலாறு உண்டு.

கையெழுத்து வாங்கிய காலம்

இந்தியாவில் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1855ல். 2013 ஜூலையில் அந்தச் சேவை மூடப்பட்டது. தந்தி கொண்டுவரும் ஊழியர் வீட்டு வாசலில் நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போவார். பதிவுத் தபாலிலும் ஒப்புகை அட்டை இருந்தது. பெற்றவர் கையெழுத்துப் போட்ட அந்த அட்டை அனுப்பியவருக்கே திரும்பி வரும். சரக்கு அனுப்பும் வியாபாரியும் லாரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, சரக்கு வந்து சேர்ந்தது என்று வெளியூர்க் கடைக்காரர் சொல்லும்வரை அந்தக் கணக்கை முடிக்க மாட்டார். அனுப்பியது வேறு, சேர்ந்தது வேறு என்பது அந்தக் காலத்து நடைமுறையிலேயே இருந்தது.

குறுஞ்செய்தியும் மிஸ்டு காலும்

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் அனுப்பப்பட்டது. நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் கணினியிலிருந்து ஒரு செல்போனுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். குறுஞ்செய்தி ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு நேராகப் போவதில்லை. நடுவில் ஒரு மையம் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். வாங்க வேண்டிய போன் அணைந்திருந்தால் காத்திருந்து, மறுபடி மறுபடி முயற்சி செய்யும். போய்ச் சேர்ந்ததும் 'டெலிவர்டு' என்று ஒரு ரிப்போர்ட் வரும். இது மின்னணு ஒப்புகை அட்டை என்றே சொல்லலாம்.

குறுஞ்செய்திக்கும் காசு ஆகும் என்பதால் நம் மக்கள் மிஸ்டு காலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மணி அடித்தால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு மணி அடித்தால் வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு இருந்தது. செலவில்லாத அறிவிப்பு முறை அது.

குறுஞ்செய்தியும் எப்போதும் சேர்ந்துவிடுவதில்லை. 2021 மார்ச் 8 அன்று நாடு முழுவதும் வங்கி ஓ.டி.பி.க்கள் வராமல் பலர் திண்டாடினார்கள். விளம்பரத் தொல்லையைக் குறைக்க, நிறுவனங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் முன்பே பதிவு செய்த மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும் முறை அன்றுதான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்யாத செய்திகளும், பதிவு செய்ததிலிருந்து கொஞ்சம் மாறியிருந்த செய்திகளும் வழியிலேயே நிறுத்தப்பட்டன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மறுநாளே அந்த முறையை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்தது. அன்று டவரும் நன்றாக இருந்தது, போனும் நன்றாக இருந்தது. தடை நடுவில் இருந்தது.

புஷ் பிறந்த கதை

ஸ்மார்ட்போன் வந்த பிறகு ஒவ்வொரு ஆப்பும் தனக்குப் புதிய செய்தி வந்திருக்கிறதா என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரைக் கேட்டால் பேட்டரி அரை நாள் கூடத் தாங்காது. இதை லாரி ஷெட்டை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சரக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒவ்வொரு கடையும் ஒரு பையனை நாள் முழுக்க ஷெட்டில் நிறுத்திவைப்பது வீண் செலவு. சரக்கு வந்ததும் ஷெட்காரரே ஆள் அனுப்பிச் சொல்வது சிக்கனம். புஷ் என்பது இந்த இரண்டாவது முறைதான்.

ஆப்பிள் நிறுவனம் 2008 ஜூனில் இந்தச் சேவையை அறிவித்தது. அதே வருடம் செப்டம்பரில் தருவதாகச் சொன்னது, ஆனால் 2009 ஜூனில்தான் தர முடிந்தது. கூகுள் 2010ல் ஆண்ட்ராய்டுக்குத் தன் சேவையைக் கொண்டுவந்தது. 2012ல் அதை மாற்றி ஜி.சி.எம். என்றது, 2016ல் எஃப்.சி.எம். என்று புதுப்பித்தது. பெயர்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். போன் தன் கம்பெனியின் சர்வரோடு ஒரே ஒரு இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். எல்லா ஆப்களின் செய்திகளும் அந்த ஒரே வழியாக வரும்.

இந்த ஏற்பாட்டால் பேட்டரி மிச்சமானது. ஆனால் கையெழுத்து வாங்கும் பழக்கம் விட்டுப்போனது. ஆப்பிளின் ஆரம்பகால முறையில் செய்தியை ஏற்றுக்கொண்டால் பதிலே வராது. ஒரு முகவரி தவறாக இருந்தால் இணைப்பு துண்டிக்கப்படும். அந்தத் தவறான முகவரிக்குப் பின்னால் வரிசையில் நின்ற நல்ல செய்திகளும் சேர்ந்து தொலையும். ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனியாகப் பதில் தரும் புதிய முறை 2015 இறுதியில்தான் வந்தது. அந்தப் பதில்கூட ஆப்பிள் வாங்கிக்கொண்டது என்பதற்குத்தான். போனுக்குப் போனது என்பதற்கு அது சாட்சி இல்லை.

பேட்டரிக்கும் அறிவிப்புக்கும் நடந்த சண்டை

2015ல் வந்த ஆண்ட்ராய்டு 6ல் 'டோஸ்' என்ற ஏற்பாடு சேர்க்கப்பட்டது. போன் திரை அணைந்து, சார்ஜில் போடாமல், அசையாமல் கிடந்தால் அது ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடும். இடையிடையே கொஞ்ச நேரம் விழித்துச் சேர்ந்து கிடக்கும் செய்திகளை வாங்கிக்கொள்ளும். அவசர முன்னுரிமை போட்ட செய்தி மட்டும் போனை உடனே எழுப்பும். சாதாரண முன்னுரிமையில் அனுப்பிய செய்தி அடுத்த விழிப்பு வரை காத்துக் கிடக்கும்.

இது போதாதென்று சில போன் கம்பெனிகள் தங்கள் பங்குக்கும் கட்டுப்பாடு வைத்தன. பின்னணியில் ஓடும் ஆப்பை அடித்து நிறுத்துவது, 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதி இல்லாமல் திரும்ப எழ விடாதது என்று பல வகை. ஒரே ஆப், ஒரே ஊர், ஒரே சிம் கம்பெனி; ஆனாலும் ஒரு போனில் வரும், இன்னொரு போனில் வராது. 2022ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாகப் போடும் ஆப் அறிவிப்பு காட்ட வேண்டுமானால் போன் வைத்திருப்பவரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். அவர் வேண்டாம் என்று அழுத்திவிட்டால் செய்தி போன் வரை வந்தும் கண்ணில் படாது.

எங்கே தொலைந்தது என்று கண்டுபிடிப்பது

வணிகவியல் படித்தவர்களுக்கு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் தெரிந்திருக்கும். ரொக்க ஏட்டில் ஒரு இருப்பு, வங்கி ஏட்டில் வேறு இருப்பு. இரண்டில் ஒன்று பொய் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. ஒவ்வொரு பதிவாக ஒப்பிட்டு, வித்தியாசம் எந்தக் காசோலையில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வராத அறிவிப்பைத் தேடுவதும் இதே வேலைதான்.

1. முகவரி சரியா? ஒவ்வொரு ஆப்புக்கும் ஒவ்வொரு போனிலும் 'டோக்கன்' என்ற முகவரி உண்டு. ஆப்பை அழித்து மறுபடி போட்டாலோ, போனை மாற்றினாலோ அது மாறிவிடும். பழைய டோக்கனுக்கு அனுப்புவது வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போடுவது போல.

2. கூகுளோ ஆப்பிளோ செய்தியை ஏற்றுக்கொண்டதா, திருப்பியதா? திருப்பினால் காரணமும் சேர்ந்து வரும். பலர் அந்தக் காரணத்தைப் படிப்பதே இல்லை.

3. எந்த முன்னுரிமையில் போனது? அவசரச் செய்தி சாதாரண வரிசையில் நின்றதா?

4. ஆயுள் எவ்வளவு? எஃப்.சி.எம்.மில் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஒரு செய்தி நான்கு வாரம் வரை காத்திருக்கும். தள்ளுபடி விளம்பரத்துக்கு அது சரி. மின்னல் எச்சரிக்கைக்குச் சரியில்லை. நேற்றைய மின்னலுக்கு இன்று காலை எச்சரிக்கை வந்தால், நாளை வரும் உண்மையான எச்சரிக்கையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

5. போனில் இணையம் இருக்கிறதா? பேட்டரி சேமிப்பு தடுக்கிறதா? அறிவிப்பு அனுமதி இருக்கிறதா?

6. கடைசியாக, மனிதர் பார்த்தாரா?

முதல் ஐந்தையும் கணினிப் பதிவுகளையும் போனையும் வைத்துச் சரிபார்த்துவிடலாம். ஆறாவதற்கு அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

உயிர் காத்த செய்தியும் சேராத செய்தியும்

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது புதுச்சேரி அருகே நல்லவாடு என்ற மீனவர் கிராமம் உயிர் தப்பியது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் செய்தி கேள்விப்பட்டு வீட்டுக்குப் போன் செய்தார. அந்த ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் இருந்தது. மீனவர்களுக்கு அலை உயரம் போன்ற தகவல்களைச் சொல்ல அங்கே ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். மையத்தின் கதவை உடைத்து, அந்த ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். செய்தி ஒரே ஒருவருக்குத்தான் வந்தது. அங்கிருந்து ஊர் முழுவதும் போக ஒரு வழி ஏற்கெனவே இருந்ததால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள்.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் நடந்தது வேறு. கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். எச்சரிக்கை வெளியானபோது அவர்கள் செல்போன் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆட்களை இழந்தன. அதன் பிறகு, 2019ல் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வாங்கும் 'ஜெமினி' என்ற கருவி வெளியிடப்பட்டது. அது செய்தியை வாங்கும், திருப்பி அனுப்பாது. படகுக்குச் செய்தி சேர்ந்ததா என்பது கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

தமிழக அரசின் டி.என். ஸ்மார்ட் ஆப் 2018ல் வந்தது. 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் செல் பிராட்காஸ்ட் முறை சோதிக்கப்பட்டது. அன்று எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் விநோதமாக அலறியது பலருக்கு நினைவிருக்கும். இதற்கு இணையம் வேண்டாம், ஆப் வேண்டாம், டோக்கன் வேண்டாம். டவர் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனுக்கும் ஒரே சமயத்தில் சொல்லிவிடும். ஆனால் டவர் உயிரோடு இருக்க வேண்டும். அதே வருடம் டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பல இடங்களில் மின்சாரமும் செல்போன் தொடர்பும் அறுந்துபோயின.

ஆலைக்குள் செல்போன் இல்லை

பட்டாசு ஆலையில் மருந்து புழங்கும் அறைகளுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. பாதுகாப்புக்காக வைத்த விதி அது, சரியான விதியும் கூட. ஆகவே டோக்கன் சரியாக இருந்து, முன்னுரிமை சரியாக இருந்து, பேட்டரிச் சேமிப்பும் தடுக்காமல் இருந்தாலும், மின்னல் எச்சரிக்கை யாருக்கு மிகவும் தேவையோ அவர் கைக்கு அது நேராக வரவே முடியாது. அது ஆபீஸ் மேஜையில் கிடக்கும் போனுக்கு வரும், அல்லது வாசலில் வாங்கி வைத்த போனுக்கு வரும். சர்வர் பதிவில் 'டெலிவர்டு' என்று இருக்கும். ஒருவருக்கொருவர் தள்ளித் தள்ளிக் கட்டப்பட்ட சிறு அறைகளில் உட்கார்ந்து மருந்து செலுத்திக்கொண்டிருக்கும் பெண்களுக்கு ஒன்றும் தெரியாது.

இதற்கு இன்னொரு ஆப் எழுதிப் பயனில்லை. எச்சரிக்கை வரும் போன் யார் பொறுப்பில் இருக்கிறது, அவர் சாப்பிடப் போனால் யார் பார்ப்பார்கள், பார்த்தவுடன் அடிக்க மணியோ சைரனோ இருக்கிறதா, அதன் சத்தம் கடைசி அறை வரை கேட்கிறதா என்று முடிவு செய்துவைக்க வேண்டும். போன் வராவிட்டாலும் இடிச்சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் தாக்கும் தூரத்துக்குள் வந்துவிட்டது என்று பொருள். அப்போது போர்மேன் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் வேலையை நிறுத்தலாம் என்ற அதிகாரமும் அவருக்கு வேண்டும். தீபாவளி ஆர்டர் நெருக்கும் மாதங்களில் இந்த அதிகாரம்தான் முதலில் குறைந்துபோகும்.

ஒரு செய்தியின் கணக்கை அனுப்பியவர் ஏட்டை மட்டும் பார்த்து முடிக்க முடியாது. தந்திக்காரர் வாங்கிய கையெழுத்து அதற்காகத்தான். பட்டாசு ஆலையைப் பொறுத்தவரை அந்தக் கையெழுத்து என்பது ஆட்கள் எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்து நிற்பது. மாதம் ஒருமுறை ஒத்திகையாக மணி அடித்து, கடைசி ஆள் வெளியே வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று எண்ணிப் பார்த்தால், அறிவிப்பு வேலை செய்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.