சேரியில் சோறுண்டவர்கள்

1940-களின் தொடக்கத்தில் கீழத்தஞ்சைப் பண்ணையாளுக்கு விடியுமுன் வயலில் இறங்கினால் இருட்டிய பிறகுதான் கரையேற முடியும். தாமதமாக வந்தாலோ எதிர்த்துப் பேசினாலோ சவுக்கடி. அதோடு சாணியைக் கரைத்து, 'சாணிப்பால்' என்று குடிக்க வைப்பார்கள். கூலி நெல்லை அளக்கும் மரக்காலும் மிராசுதாருடையதே.

1943-ல் இங்கே வந்தார் பி. சீனிவாசராவ். 1907-ல் கர்நாடகத்தில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். விடுதலைப் போராட்டத்துக்காகப் படிப்பைக் கைவிட்டவர். தமிழ் சரளமாக வராது. ஆனாலும் சேரி மக்களின் குடிசைகளிலேயே தங்கினார், அவர்கள் உண்டதையே உண்டார், அவர்கள் பட்டதைக் கேட்டறிந்தார். மன்னார்குடிப் பக்கம் தென்பரையில், மடத்து நிலத்தில் பாடுபட்டவர்கள் அந்த ஆண்டே விவசாயிகள் சங்கம் கண்டார்கள்.

மறு ஆண்டு மன்னார்குடியில் மிராசுதார்களும் சங்கமும் அதிகாரிகள் முன்னிலையில் உட்கார்ந்து பேசினார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. பண்ணையார் எதிரே தலைநிமிர்ந்து நிற்கவே அஞ்சிய மக்கள், சரிக்குச் சரியாக அமர்ந்து பெற்ற எழுத்து அது.

சேரி மக்கள் மீதான பரிவுக்குச் சொந்த வீட்டையே விலையாகக் கொடுத்தவர் மணலூர் மணியம்மை. இளமையிலேயே கணவரை இழந்த பிராமணப் பெண். விதவைக் கோலத்துக்குள் முடங்க மறுத்து, தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, வேட்டியும் சட்டையும் உடுத்திச் சேரிகளுக்குப் போனார், கூலிக்காரர்களைத் திரட்டினார். 1953-ல் மறையும்வரை அந்த மக்களோடுதான் இருந்தார். அவர் வாழ்க்கையைப் பின்னாளில் ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' என்ற நாவலாக்கினார்.

வெளியிலிருந்து வந்தவர்களே கடைசிவரை வழிநடத்தவில்லை என்பதுதான் இந்த இயக்கத்தின் பெருமை. களப்பால் குப்பு சேரியிலேயே பிறந்து சங்கத் தலைவரானவர். 1948-ல் திருச்சிச் சிறையில் உயிர்விட்டார். பட்டுக்கோட்டைப் பக்கத்து வாட்டாக்குடி இரணியன் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பி, தன் சாதிக்காரர்களின் கோபத்தைப் பொருட்படுத்தாமல் கூலிக்காரர்கள் பக்கம் நின்றார். 1950 மே மாதம் போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றபோது வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும்.

1952-ல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்பின் பண்ணையாளை நினைத்தபோது விரட்ட முடியாது என்றானது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் 40 சதவீதம் சேர வேண்டும் என்றும் ஆனது. பண்ணையாள் முறை மெல்லத் தேய்ந்து, நாள்கூலி வந்தது. போராட்டம் அதன்பின் கூலியைப் பற்றியதாக மாறியது. அந்தப் போராட்டத்தின் உச்சத்தில்தான், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.